கணினி தன் யோசனையைத் தானே திருத்துவது எப்படி? மூன்று கலர் பென்சிலோடு தொடங்குங்கள்

ஒரு நோட்டு, ஒரு பென்சில், சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கலர் பென்சில்கள், ஒரு மாலை நேரம். இந்தக் கட்டுரைக்குத் தேவையானது இவ்வளவுதான். கடைசியில் கொஞ்சம் பைதான் வரும். அது தெரியாதவர்களும் முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம்.

இன்று ஏஐ சாட்டிடம் "நீ சொன்னது தப்பு" என்றால் பெரும்பாலும் உடனே மன்னிப்புக் கேட்டு வேறு விடை தருகிறது. யோசித்துத் திருந்திவிட்டது போலவே தோன்றும். ஆனால் அது சரியான விடை சொன்ன பிறகும் "தப்பு" என்று சொல்லிப் பாருங்கள். பல சமயம் அப்போதும் மன்னிப்புக் கேட்டு, கையிலிருந்த நல்ல விடையை விட்டுவிடும். மன்னிப்பு வேறு, திருத்தம் வேறு. யோசனையில் எந்த இடம் பிசகியது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் மாற்றி, மீதியைக் காப்பாற்றிக்கொள்வதுதான் திருத்தம். இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை சுமார் ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் நேராக, ஏஐ சாட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்றைய பெரிய மாடல்களில் போய் விழுகிறார்கள். கையால் செய்து பார்க்கக்கூடிய பழைய, சின்ன வழிகளில் நடந்து வந்தால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்குமுன்: நோட்டில் மூன்று பங்கு

பரீட்சை ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கேள்வித்தாள் இருக்கிறது. அது வெளி உலகம். நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். அது யோசனை. நடுவில் "ரெண்டு மார்க் கேள்விக்கு ரெண்டு பக்கமா எழுதிக்கிட்டிருக்கோமே" என்று உள்ளே ஒரு குரல் எழுமே, அது மூன்றாவது. அந்தக் குரல் கணக்கைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, கணக்குப் போடுகிற உங்களைப் பற்றிச் சொல்கிறது. உளவியலாளர் ஜான் ஃபிளேவல் 1970களில் இதற்கு மெட்டாகாக்னிஷன் என்று பெயர் கொடுத்தார். கணினித் துறையில் இதன் உறவுக்காரச் சொல் மெட்டாரீசனிங்.

நோட்டுப் பக்கத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்து "உலகம்", "யோசனை", "கவனிப்பு" என்று தலைப்பிடுங்கள். இனிமேல் எழுதுகிற ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் பார்த்தவரை தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். யோசனையையும் கவனிப்பையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால், பிறகு எது பழுது என்று பிரிக்கவே முடியாது.

படி 1: வேண்டுமென்றே முட்டிக்கொள்ளுங்கள்

தென்னிந்திய வரைபடத்தில் ஐந்து மாநிலங்களை எடுத்துக்கொள்வோம்: தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா. புதுச்சேரியைக் கணக்கு எளிதாக இருப்பதற்காக விட்டுவிடுகிறேன். எல்லையைப் பகிரும் இரண்டு மாநிலங்களுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. மூன்று நிறம்தான் உண்டு.

"உலகம்" பங்கில் எல்லைகளை எழுதுங்கள். தமிழ்நாட்டுக்குக் கேரளா, கர்நாடகா, ஆந்திரா மூன்றோடும் எல்லை. கர்நாடகாவுக்கு அதற்கு மேல் கேரளா, ஆந்திரா, தெலங்கானா. ஆந்திராவுக்குத் தெலங்கானா. மொத்தம் ஏழு எல்லைகள். தமிழ்நாடும் தெலங்கானாவும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது "யோசனை" பங்கில் இந்த வரிசையில் நிறம் கொடுங்கள். தமிழ்நாடு சிவப்பு. தெலங்கானா நீலம், இது வெறும் ஊகம். கேரளா நீலம், இதுவும் ஊகம்தான், பச்சையும் கொடுத்திருக்கலாம். கர்நாடகாவுக்குப் பச்சை மட்டுமே மிச்சம். ஆந்திராவுக்கு வந்தால், தமிழ்நாடு சிவப்பு, தெலங்கானா நீலம், கர்நாடகா பச்சை. நிறமே இல்லை. முட்டிக்கொண்டோம்.

அப்பாவியான ஒரு புரோகிராம் இப்போது என்ன செய்யும்? கடைசியாக எடுத்த முடிவை முதலில் மாற்றிப் பார்க்கும். கர்நாடகாவுக்கு மாற்று இல்லை. அதற்கு முந்தியது கேரளா, அதைப் பச்சையாக்கும். உடனே கர்நாடகாவுக்கு ஒரு நிறமும் கிடைக்காது. பிறகுதான் தெலங்கானாவுக்குப் போகும். அங்கேயும் நீலத்துக்குப் பதில் பச்சையை எடுத்தால், கேரளாவை மறுபடி இரண்டு நிறத்திலும் வைத்துப் பார்த்து, மறுபடி அதே சுவரில் போய் இடிக்கும். இதைப் பொறுமையாகக் கையால் செய்துவிடுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த அலுப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் அடுத்த படியின் அருமை தெரியும்.

படி 2: ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் "ஏன்" எழுதுங்கள்

பழையபடி முதலிலிருந்து வாருங்கள். இந்தத் தடவை ஒவ்வொரு நிறத்துக்கும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தெலங்கானா நீலம்: ஊகம். கேரளா நீலம்: ஊகம். கர்நாடகா பச்சை: ஏனென்றால் தமிழ்நாடு சிவப்பு, தெலங்கானா நீலம் (கேரளாவும் நீலம்தான், ஆனால் நீலத்தைத் தடுக்க ஒரு காரணம் போதும்). ஆந்திராவுக்கு நிறம் இல்லை: ஏனென்றால் தமிழ்நாடு சிவப்பு, தெலங்கானா நீலம், கர்நாடகா பச்சை.

இப்போது பென்சிலை எடுத்து, முட்டிய இடத்திலிருந்து காரணங்களைப் பிடித்துக்கொண்டே பின்னால் போங்கள். ஆந்திராவின் சிக்கலுக்கு மூன்று பேர் காரணம். அதில் கர்நாடகாவின் பச்சை தானாக வந்ததல்ல, அதற்குக் காரணம் தமிழ்நாடும் தெலங்கானாவும். எல்லாவற்றையும் உருக்கினால் மிஞ்சுவது ஒரே வரி: தமிழ்நாடு சிவப்பாகவும் தெலங்கானா நீலமாகவும் சேர்ந்து இருக்க முடியாது.

கேரளாவின் பெயர் அந்த வரியில் இல்லை. ஐந்து நிமிடம் கேரளாவை மாற்றி மாற்றிப் பார்த்தோமே, அதற்கும் இந்தச் சிக்கலுக்கும் சம்பந்தமே கிடையாது. காலவரிசையில் பின்னால் போவதை விட்டு, காரணவரிசையில் பின்னால் போனால் நிரபராதியைத் தொந்தரவு செய்யாமல் நேராகத் தெலங்கானாவின் ஊகத்தில் போய் நிற்கலாம்.

இந்த உத்தியை 1977ல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் ஜெரால்ட் சஸ்மனும் மின்சுற்றுகளை அலசும் புரோகிராமுக்காக எழுதிவைத்தார்கள். அதே ஸ்டால்மன்தான் பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். 1979ல் ஜான் டாயில் இதைத் தனியான ஒரு பகுதியாகப் பிரித்து, டிரூத் மெயின்டனன்ஸ் சிஸ்டம் என்று பெயரிட்டார். யோசிக்கிறது ஒன்று, அந்த யோசனையின் காரணங்களைப் பதிவேடாக வைத்துக்கொள்வது இன்னொன்று. உங்கள் நோட்டின் மூன்றாவது பங்குக்கு உயிர் வருவது இந்தப் பிரிவினையால்தான்.

படி 3: விழ வேண்டியது மட்டும் விழட்டும்

தெலங்கானாவின் நீலத்தை அடியுங்கள். அதை நம்பி நின்ற கர்நாடகாவின் பச்சையும் சேர்ந்து விழும். கேரளாவின் நீலம் யாரையும் நம்பி நிற்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். இப்போது தெலங்கானாவுக்குச் சிவப்பு கொடுங்கள். கர்நாடகா மறுபடி பச்சையாகிறது. ஆனால் காரணம் வேறு: முன்பு தெலங்கானா, இப்போது கேரளாவின் நீலம். ஆந்திராவுக்கு நீலம். வேலை முடிந்தது.

நிறம் அதே பச்சை, காரணம் மட்டும் மாறியிருக்கிறது பாருங்கள். விடையை மட்டும் சேமிக்கிற புரோகிராமுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. நாளைக்குக் கேரளாவின் நிறத்தை யாராவது மாற்றினால் கர்நாடகாவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதற்குத் தோன்றாது.

படி 4: அடிபட்டதைப் பாடமாக எழுதிவையுங்கள்

"தமிழ்நாடு சிவப்பு, தெலங்கானா நீலம்: சேராது" என்ற வரியைக் "கவனிப்பு" பங்கில் நிரந்தரமாக எழுதுங்கள். இதுதான் கற்றுக்கொண்ட பாடம். பிறகு அதையே உற்றுப் பாருங்கள். அந்தத் தர்க்கத்தில் சிவப்புக்கோ நீலத்துக்கோ தனிப் பங்கு ஏதாவது உண்டா? இல்லை. கர்நாடகா, ஆந்திரா இரண்டையுமே தமிழ்நாடும் தொடுகிறது, தெலங்கானாவும் தொடுகிறது. அந்த இரண்டும் தங்களுக்குள்ளும் தொடுகின்றன. எனவே மூன்றே நிறம் இருக்கும்வரை தமிழ்நாட்டுக்கும் தெலங்கானாவுக்கும் ஒரே நிறம்தான் வர வேண்டும். குறுகலான பாடம் ஒரு தப்பைத் தடுக்கும். விரிந்த பாடம், தெலங்கானாவுக்குப் பச்சையை எடுத்து மறுபடி முட்டப் போவதையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

மோதலிலிருந்து பாடம் எடுத்து எழுதிவைக்கும் இந்த உத்தி இன்று உலகத்தின் மிகக் கடினமான தர்க்க வேலைகளைச் செய்கிறது. கொடுத்த நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் சேர்ந்து பொருந்தும் விடை உண்டா என்று தேடும் சாட் சால்வர் என்று ஒரு வகை மென்பொருள் உண்டு (உரையாடும் சாட் அல்ல, இது வேறு). 1996ல் வந்த கிராஸ்ப், 2001ல் வந்த சாஃப் ஆகியவை இந்த உத்தியால்தான் பெயர் வாங்கின. லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட கணக்குகளை, சிப் வடிவமைப்பைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளில், இன்றைய சால்வர்கள் முடித்துக்கொடுக்கின்றன. அடிப்படை நீங்கள் இப்போது நோட்டில் எழுதிய அந்த ஒரு வரிதான்.

படி 5: முட்டாமலே தப்புப் போகும்போது

வரைபடத்தில் தப்பு நடந்தால் சுவர் வந்து இடிக்கிறது. வெளி உலகம் அவ்வளவு இரக்கமானதல்ல. தப்பான பாதையிலும் வெகுதூரம் சுகமாகப் போகலாம்.

2016 மார்ச் 13, சியோல். பலகையில் கல் வைத்து ஆடும் கோ விளையாட்டில், கொரிய சாம்பியன் லீ செடோலுக்கும் ஆல்ஃபாகோ என்ற கணினி புரோகிராமுக்கும் நான்காவது ஆட்டம். லீ தன் 78வது நகர்வில் யாரும் எதிர்பாராத இடத்தில் கல்லை வைத்தார். ஆல்ஃபாகோவின் 79வது நகர்வு பிழையானது. அந்த நேரத்தில் அதன் உள்கணக்கு, வெற்றி வாய்ப்பு 70 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. தான் தவறியதை அது உணர்ந்தது 87வது நகர்வு வாக்கில்தான் என்று அதை உருவாக்கிய டீப்மைண்ட் நிறுவனத்தின் டெமிஸ் ஹசாபிஸ் அன்றே சொன்னார். 79க்கும் 87க்கும் இடையிலான அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் கண்காணிப்பின் வேலை.

அதற்குச் செய்ய வேண்டியது: செயலுக்கு முன்பே எதிர்பார்ப்பை எழுதிவைப்பது. "இதைச் செய்தால் இத்தனை நேரத்துக்குள் இது நடக்கும்" என்று முன்னாலேயே எழுதியிருந்தால், நடக்காதபோது தெரியும். எழுதாவிட்டால், எது நடந்தாலும் அதுதான் எதிர்பார்த்தது போல ஆகிவிடும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டான் பெர்லிஸ், மைக்கேல் ஆண்டர்சன் குழுவினர் இந்தச் சுழற்சியை மூன்று சொல்லில் அடக்கினார்கள்: கவனி, மதிப்பிடு, வழிநடத்து.

நடுவிலுள்ள "மதிப்பிடு" என்பதைத்தான் பலர் தாண்டிக் குதிக்கிறார்கள். எதிர்பார்ப்புப் பொய்த்தது என்றால் யோசனை தப்பு என்றே அர்த்தமில்லை. கருவி பழுதாக இருக்கலாம். தகவலே பொய்யாக இருக்கலாம். நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் 1999 மே மாதம் ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருளிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்து, பொறியாளர்கள் போலியாக மூன்று கோளாறுகளை உண்டாக்கினார்கள். செயலிழந்த மின்னணுப் பகுதியை அது மறுபடி இயக்கிச் சரிசெய்தது. ஒரு சென்சார் பொய்த் தகவல் தந்தபோது, கருவி நன்றாகத்தான் இருக்கிறது, சென்சார்தான் கெட்டுப்போனது என்று முடிவு செய்து அதைப் புறக்கணித்தது. திறக்காமல் மாட்டிக்கொண்ட உந்துவிசைக் குழாய்க்கு, அது தேவைப்படாத வேறொரு இயக்கமுறைக்கு மாறியது. மூன்று கோளாறு, மூன்று விதமான பதில். எல்லாவற்றுக்கும் "மறுபடி முயற்சி செய்" என்ற ஒரே மருந்தைக் கொடுக்கிற புரோகிராம்களை எழுதி எழுதிப் பழகிய நமக்கு இது பெரிய பாடம்.

அதே சோதனையின் முதல் கட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அயன் எஞ்சினை நிறுத்த வேண்டிய நேரத்தில் ரிமோட் ஏஜென்ட் நிறுத்தவில்லை. அதன் இரண்டு பகுதிகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு உறைந்துபோயிருந்தன. விண்கலத்தின் பழுதுகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அதற்குத் தன் உறைவு தெரியவில்லை. தரையிலிருந்த மனிதர்கள்தான் கவனித்தார்கள். ஆகவே உங்கள் கண்காணிப்பாளரைக் கண்காணிக்க வெளியே எளிமையான ஏதாவது ஒன்று, ஒரு கடிகாரமாவது, இருக்கட்டும்.

கடிகாரம் இன்னொன்றுக்கும் வேண்டும். யோசிப்பதற்கும் விலை உண்டு. இன்னும் ஒரு நிமிடம் யோசித்தால் கிடைக்கும் ஆதாயம் அந்த நிமிடத்தின் விலையைவிடக் குறைவு என்றால் நிறுத்திவிட வேண்டும். இதைக் கணக்காகவே எழுத முடியும் என்று ஸ்டூவர்ட் ரஸ்ஸலும் எரிக் வெஃபால்டும் 1991 வாக்கில் காட்டினார்கள். தொடங்குகிறவர்களுக்கு "இத்தனை அடிக்கு மேல் போனால் நிறுத்து" என்ற ஒரு எல்லை போதும்.

படி 6: எவ்வளவு நிச்சயம் என்று எண்ணால் சொல்லுங்கள்

2011 பிப்ரவரியில் ஐ.பி.எம்.மின் வாட்சன், ஜெபர்டி என்ற அமெரிக்க வினாடி வினாவில் மனித சாம்பியன்களை வென்றது. நம்பிக்கை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் அது பொத்தானை அழுத்தாது. ஒரு நாள் இறுதிக் கேள்வி அமெரிக்க நகரங்களைப் பற்றியது. சரியான விடை சிகாகோ. வாட்சன் சொன்னது கனடாவிலுள்ள டொராண்டோ. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த விடையைவிட அதன் பக்கத்திலிருந்ததுதான் முக்கியமாகப் படுகிறது: விடைக்குப் பின்னால் ஐந்து கேள்விக்குறிகள், பந்தயம் கட்டிய தொகை வெறும் 947 டாலர். விடை தப்பு, ஆனால் "எனக்கு நிச்சயமில்லை" என்பது சரியாக இருந்தது. அதனால் நஷ்டம் சிறியது.

இதை நீங்களே பழகுங்கள். இந்த வாரம் நடக்கப்போகும் சின்னச் சின்ன விஷயங்கள் இருபதை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் நிச்சயம் என்று குறியுங்கள். பஸ் நேரத்துக்கு வருமா, கரண்ட் பில் போன தடவையைவிடக் கூடுமா, எதுவானாலும் சரி. வாரக் கடைசியில் 70 சதவீதம் போட்டவற்றை மட்டும் எடுத்து எண்ணுங்கள். பத்தில் ஏழு வாக்கில் பலித்திருந்தால் உங்கள் அளவுகோல் நேராக இருக்கிறது. உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் என்ற வகைப் புரோகிராம்களை இதே மாதிரி சோதித்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நவீன நெட்வொர்க்குகள் தேவைக்கு மேல் நிச்சயமாகப் பேசுகின்றன என்று 2017ல் காட்டினார்கள். ஒரே ஓர் எண்ணைச் சரிசெய்து அந்த மிகையைப் பெருமளவு குறைக்கலாம் என்பதும் அதே ஆய்வில் உண்டு.

படி 7: இப்போது சாட்டிடம் போங்கள்

பேசும் மாடல்கள் இந்தப் பாதையில் எங்கே நிற்கின்றன? விடைக்கு முன் படிப்படியாக எழுதவைத்தால் கணக்குகள் மேம்படுகின்றன என்று 2022ல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே கேள்வியைப் பலமுறை போடவைத்து, அதிகம் வந்த விடையை எடுத்தால் இன்னும் மேம்படும். 2023ல் ஓபன்ஏஐ, கடைசி விடைக்கு மட்டும் மார்க் போடாமல் ஒவ்வொரு படிக்கும் மார்க் போடும் ஒரு மாடலைப் பழக்கியது. நம் கணக்கு வாத்தியார்கள் கொடுக்கும் ஸ்டெப் மார்க் மாதிரிதான். அதற்காக மனிதர்கள் குறித்துக்கொடுத்த படிகள் 8 லட்சம்.

ஆனால் அதே 2023ல் டீப்மைண்டும் இல்லினாய் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஓர் ஆய்வு, வெளியிலிருந்து எந்தத் துப்பும் தராமல் "உன் விடையை மறுபடி சரிபார்" என்று மட்டும் சொன்னால் அன்றைய மாடல்களின் கணக்குத் திறன் கூடவில்லை, பல இடங்களில் குறைந்தது என்று காட்டியது. இன்னோர் ஆய்வு அதைவிடக் கலங்கடித்தது. மாதிரிக் கேள்விகளில் சரியான விடை எப்போதும் முதல் தெரிவாகவே வருமாறு மாற்றி வைத்தார்கள். மாடல்கள் முதல் தெரிவின் பக்கம் சாய்ந்தன. ஆனால் எழுதிய காரணங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வேறு ஏதேதோ காரணம் இருந்தது. நம் நோட்டில் "ஏன்" என்ற வரிதான் முடிவைத் தாங்குகிறது. அங்கே "ஏன்" என்று எழுதப்பட்டது முடிவைத் தாங்கியதாகச் சொல்ல முடியவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளாமல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் வந்த டீப்சீக் ஆர்1 போன்ற மாடல்கள் பாதி வழியில் தாமே நின்று, மறுபடி பார்த்து, வேறு வழி எடுக்கின்றன. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால், விடை சரியா என்று வெளியிலிருந்து விதிப்படி சோதிக்கக்கூடிய கணக்குகளில் பயிற்சி கொடுத்ததால் வந்தது. இங்கேயும் ஒரு சுவர் தேவைப்பட்டது.

அதனால் நீங்கள் செய்து பார்க்க வேண்டியது இது. நம் ஐந்து மாநிலக் கணக்கைச் சாட்டிடம் கொடுங்கள். விடை வந்ததும் "நிச்சயமா?" என்று மட்டும் கேட்டு, என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய உரையாடலில் அதே கணக்கைக் கொடுத்து, ஏழு எல்லைகளையும் பட்டியலாக வைத்து, "ஒவ்வோர் எல்லையிலும் இரண்டு பக்க நிறங்களையும் எழுதி, ஒன்றா வேறா என்று சொல்" என்று கேளுங்கள். முதலாவது மிரட்டல், இரண்டாவது சோதனை. நிறம் கண்டுபிடிப்பதைவிட ஏழு எல்லைகளைச் சரிபார்ப்பது எளிது. அந்த எளிமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 8: பைதானில்

இரண்டு டிக்‌ஷனரி போதும். ஒன்றில் மாநிலமும் நிறமும். இன்னொன்றில் அந்த நிறத்துக்குக் காரணமான மாநிலங்கள், ஊகமானால் காலி. முட்டும்போது இரண்டாவது டிக்‌ஷனரியைப் பிடித்துப் பின்னால் நடக்கும் ஒரு ஃபங்ஷன். கிடைத்த பாடங்களைச் சேர்க்க ஒரு லிஸ்ட். வேலை செய்ததும் மகாராஷ்டிரா, கோவா, சத்தீஸ்கர், ஒடிசா நான்கையும் சேருங்கள். மூன்று நிறமே போதுமானதாக இருக்கும்.

அதன் பிறகு ஒரு பொய்யைப் புகுத்துங்கள்: தமிழ்நாட்டுக்கும் தெலங்கானாவுக்கும் எல்லை உண்டு என்று பட்டியலில் ஒரு வரி. இப்போது எந்த ஊகத்தை மாற்றினாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் தப்பு யோசனையில் இல்லை, தகவலில் இருக்கிறது. உங்கள் புரோகிராம் "விடை இல்லை" என்று மட்டும் சொன்னால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். காரணங்களை ஒழுங்காகப் பதிந்திருந்தால், கடைசியில் மிஞ்சும் வரியில் தமிழ்நாடு, தெலங்கானா, கர்நாடகா, ஆந்திரா என்ற நான்கு பெயர்களும் அவற்றுக்கு இடையிலான ஆறு எல்லைகளும் மட்டும் இருக்கும். அந்த ஆறையும் ஒரு நிஜ வரைபடத்தோடு ஒப்பிட்டால் பொய் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கேரளாவின் பெயர் அந்த வரியில் வரக் கூடாது. வந்தால், எங்கோ ஒரு காரணத்தைத் தேவைக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தேடிப் பிடியுங்கள்.